வானொலி கேட்காத நடுவர்கள்

'வெண்பா' என்ற வீடியோ கேம் 2023 ஜூலை 31இல் வெளிவந்தது. அதற்குப் பிறகான ஒன்பது மாதங்களில் அதற்குக் கிடைத்ததை வரிசையாகச் சொன்னால் எந்தத் தமிழனுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அந்த ஆண்டு டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் இரண்டு பிரிவுகளில் பரிந்துரை: ஒன்று சிறந்த அறிமுகச் சுயாதீன விளையாட்டு, இன்னொன்று சமூகத் தாக்கம் உள்ள விளையாட்டு. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் நடக்கும் சுயாதீன விளையாட்டு விழாவின் ஆகப் பெரிய விருது. ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டு என்று விருதைக் கையில் கொடுத்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும், ஒரு பொழுதில் ஆடி முடித்துவிடக்கூடிய சின்ன விளையாட்டுக்கு இது பெரிய விஷயம்தான்.

இந்த வரிசையில் ஒரு சொல் வரவில்லை. இசை. 'தி கேம் அவார்ட்ஸ்' அந்த ஆண்டு இசைக்குப் பரிந்துரைத்த ஐந்து பெயர்களில் வெண்பா இல்லை. 2024 கிராமியில் விளையாட்டு இசைக்கென்று இருந்த ஐந்து பெயர்களிலும் இல்லை. ஆனால் அந்த விளையாட்டை ஆடிய எந்தத் தமிழரைக் கேட்டாலும் இட்லி, புட்டு என்று ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்தில் பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள். 'அந்த ரேடியோ பாட்டு' என்று சொல்லும்போதே குரல் மாறுகிறது. ஆடியவர்களுக்கு இவ்வளவு பெரிதாகக் கேட்டது நடுவர்களுக்கு ஏன் கேட்கவில்லை?

அநியாயம் என்று கூச்சல் போடுவதற்காக இதைக் கேட்கவில்லை. 2023இல் அந்த விருதை வாங்கிய 'ஃபைனல் ஃபேன்டஸி 16' எளிதில் தள்ளிவிடக்கூடிய இசை இல்லை. மசயோஷி சோகென் அதில் கட்டியிருக்கும் பாடகர் குழுவும் வாத்திய அடுக்கும் பல மணி நேர உழைப்பு. நேர்மையான எந்த நடுவர் குழுவிலும் வெண்பா அதனிடம் தோற்றிருக்கலாம். தோற்பது வேறு, களத்திலேயே இல்லாமல் போவது வேறு. எனக்குள்ள கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

விளையாட்டு இசை விருதுகளில் வட்டாரச் சாய்வு என்று பேசினால் உலகம் முழுக்க ஒரே சண்டைதான் கேட்கும்: ஜப்பானா, மேற்கா? கணக்கைப் பார்த்தால் இந்தச் சண்டையே பாதிதான் உண்மை. கிராமி 2023இல்தான் விளையாட்டு இசைக்குத் தனிப் பிரிவு திறந்தது. முதல் விருது ஸ்டெஃபனி எகோனோமுவுக்கு, 'அசாசின்ஸ் க்ரீட் வல்ஹாலா' விளையாட்டின் ஒரு விரிவாக்கத்துக்காக. 2024இல் ஸ்டார் வார்ஸ் விளையாட்டு ஒன்றுக்காக ஸ்டீஃபன் பார்டனும் கோர்டி ஹாபும். 2025இல் 'விசார்ட்ரி' மறுஆக்கத்துக்காக வினிஃப்ரெட் ஃபிலிப்ஸ். இந்த முதல் மூன்று ஆண்டுகளின் 15 பரிந்துரைகளில் ஒரு ஜப்பானிய இசையமைப்பாளர் பெயர்கூட இல்லை. விளையாட்டு இசை என்ற கலையையே பெருமளவு வளர்த்தெடுத்த நாடு அது. அந்த நாட்டுக்கு மூன்று வருடமும் பூஜ்யம்.

'தி கேம் அவார்ட்ஸ்' பக்கம் வந்தால் கதை தலைகீழ். 2017 முதல் 2024 வரை எட்டு விழாக்கள். இசை விருது ஆறு முறை ஜப்பானில் உருவான விளையாட்டுகளுக்குப் போயிருக்கிறது. 'நியர்' வரிசைக்கு இரண்டு முறை, 'ஃபைனல் ஃபேன்டஸி'க்கு மூன்று முறை, 'டெத் ஸ்ட்ராண்டிங்'குக்கு ஒரு முறை. அதிலும் கடைசியாகச் சொன்னதற்கு இசையமைத்தவர் லுட்விக் ஃபோர்செல் என்ற ஸ்வீடன்காரர்.

அதே கலை, ஏறக்குறைய அதே ஆண்டுகள். ஒரு சபையில் பூஜ்யம், இன்னொரு சபையில் முக்கால்வாசி. நடுவர்களின் நல்ல மனசு கெட்ட மனசு என்று இதை விளக்க முடியாது. சபை எப்படிக் கூட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். கிராமியில் ஓட்டுப் போடுகிறவர்கள் இசைப்பதிவுத் தொழிலில் இருப்பவர்கள். அங்கே ஒரு படைப்பை உறுப்பினரோ பதிவு பெற்ற இசை நிறுவனமோ அனுப்பி வைத்தால்தான் பரிசீலனையே. அனுப்பாத இசை உலகத்திலேயே இல்லாத இசை. 'தி கேம் அவார்ட்ஸ்' நடுவர் குழுவோ நூற்றுக்கும் மேற்பட்ட ஊடக நிறுவனங்களைச் சேர்ந்தது. அவர்கள் ஓட்டுக்கு 90 விழுக்காடு மதிப்பு, பொதுமக்கள் ஓட்டுக்கு 10. அந்த ஊடகக்காரர்கள் சின்ன வயதில் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். 1985இல் கோஜி கோண்டோ 'சூப்பர் மாரியோ'வுக்குப் போட்ட மெட்டு அவர்களுக்குத் தாலாட்டு மாதிரி. நோபுவோ உயெமாட்சு அவர்களுடைய ஊர்க்காரர் மாதிரி. ஆக அங்கே ஜப்பானுக்குச் சாய்வு இருக்கிறது என்றும் சொல்லலாம். காது பழகிய பக்கம் தலை சாயும், அவ்வளவுதான்.

எந்த நடுவரும் வெறும் காதோடு வருவதில்லை. பழகிய காதோடுதான் வருகிறார். பத்து வயதில் வீட்டில் என்ன பாடியதோ அது அவர் மதிப்பெண் தாளின் கண்ணுக்குத் தெரியாத முதல் வரி.

இனி வெண்பாவுக்கு வருகிறேன். கதை 1988இல் கனடாவில் தொடங்குகிறது. வெண்பா என்ற பெண், கணவர் பாவலன், பிறகு மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் எண்ணெய்க் கறை படிந்தும் இருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். சமைக்கும்போது அடுப்படி வானொலியில் பாட்டு ஓடுகிறது. இந்தப் பாட்டுகள் எங்கிருந்தோ உரிமம் வாங்கிப் போட்டவை இல்லை. ஆல்ஃபா சம்திங் என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளர் இந்த விளையாட்டுக்காகவே புதிதாகச் செய்தவை. வருடங்கள் நகர நகர, அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரைப்பாட்டின் சாயலில் இவையும் மாறிக்கொண்டே வருகின்றன.

இது எவ்வளவு கடினமான வேலை என்பதைத் தமிழ்ச் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. 1992இல் 'ரோஜா' வந்தது. இரண்டுக்கும் இடையில் பதினாறு வருடம்தான். ஆனால் ஒலி வேறு உலகம். முன்னதில் ஒரு கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த வயலின் கூட்டமும் தபலாவும் இருக்கும், அறையின் காற்றே பாட்டுக்குள் வந்திருக்கும். பின்னதில் ஒவ்வொரு ஓசையும் தனித்தனியாக வெட்டி ஒட்டியது போல் சுத்தமாக நிற்கும், அடியில் கணினி தட்டும் தாளம். பாடகர் ஒலிவாங்கிக்கு எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறார் என்பதுகூட மாறிவிட்டது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு, ஏற்கெனவே உள்ள எந்தப் பாட்டையும் திருடாமல், 'இது அந்த வருஷத்துப் பாட்டுதான், எப்படி நான் கேட்காமல் விட்டேன்?' என்று நினைக்க வைக்க வேண்டும். பழைய நாணயத்தை நகல் எடுக்காமல் பழைய நாணயம் போலவே ஒன்றை அடிப்பது மாதிரி.

இசையின் வேலை அதோடு முடியவில்லை. கதையில் பெரிய கால இடைவெளிகள் வருகின்றன. ஐந்து வருடம், பத்து வருடம் தாண்டுகிறது. அந்த வருடங்களை வானொலிதான் நமக்குச் சொல்கிறது. ஊரை விட்டுப் போனவர்களுக்கு நாள்காட்டி என்பது சுவரில் தொங்குவது இல்லை. எந்தப் படத்துப் பாட்டு வந்தபோது யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள் என்பதுதான் கணக்கு. வெண்பாவின் இசை அந்தக் கணக்கைச் செய்கிறது.

பெடாஸில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு இது எளிதாகக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கித்தா மரம் வெட்டிய தலைமுறைக்கும் லயத்து வீட்டில் ஓயாமல் பேசிய ஒரே வெளி ஆள் வானொலிதான். இன்றைக்கு மின்னல் எஃப்எம் என்று சொல்லுகிற அலைவரிசை அன்றைக்கு ரேடியோ 6. விடியற்காலை பெரட்டுக்கு முன்னாலும் பால் அளந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதில் வந்த பாட்டை வைத்துத்தான் பெண்கள் சோறு வடிக்கும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். நெடுஞ்சாலையில் பெடாஸ்-லிங்கி சந்திப்பைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இன்று தெரிவது செம்பனை மட்டும்தான். கித்தா போய்விட்டது, லயம் பெரும்பாலும் போய்விட்டது. பாட்டு மட்டும் ஆட்களோடு தாமான் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. டொரோன்டோவில் ஒரு சமையலறை வானொலி பாடினால் அது ரெம்பாவ் வட்டாரத்தில் கேட்கும். அமெரிக்க ஊடகக்காரர் ஒருவருக்கு அதே பாட்டு எப்படிக் கேட்டிருக்கும்? நன்றாக இருக்கிறது, இந்தியப் பாட்டு, சூழலுக்குப் பொருத்தம். அதற்கு மேல் அவர் காதில் போக வழியே இல்லை. 1980களின் பாட்டும் 2000களின் பாட்டும் அவருக்கு ஒரே பாட்டு.

'அதுக்கு அவர் என்ன செய்வார் பாவம்' என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர்களுக்காக ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம்.

'கப்ஹெட்' 2017இல் வந்தது. அதைச் செய்ததும் கனடாக்காரர்கள்தான். ஒன்டாரியோவில், டொரோன்டோவுக்குப் பக்கத்து நகரமான ஓக்வில் அவர்கள் ஊர். வெண்பாவைச் செய்த விசை கேம்ஸ் நிறுவனமும் டொரோன்டோவில்தான். இரண்டுக்கும் இடையில் காரில் போனால் ஒரு மணி நேரம்கூட இல்லை. கப்ஹெட்டின் இசையை அமைத்த கிரிஸ்டோபர் மேடிகன் செய்தது என்ன? 1930களின் அமெரிக்க ஜாஸ் இசையைப் போலவே புதிய இசையைச் செய்தார். அந்தக் காலத்துப் பெரிய வாத்தியக் குழு எப்படி வாசிக்குமோ அப்படி ஆட்களை உட்காரவைத்துப் பதிவு செய்தார். பழைய நாணயம் போல் புது நாணயம். 'தி கேம் அவார்ட்ஸ்' அதை இசைக்குப் பரிந்துரைத்தது. 2018இல் பாஃப்டா இசை விருதே கொடுத்தது.

செய்த வேலையின் தன்மை ஒன்றுதான். ஒரு மக்கள் கூட்டத்தின் கடந்தகால ஒலியை எடுத்து, நகலாக இல்லாமல் மறுபடி உயிரோடு எழுப்புவது. கப்ஹெட் செய்தால் அது இசைத் தேர்ச்சி. வெண்பா செய்தால் அது பண்பாட்டுச் சித்திரிப்பு. முன்னதை இசைப் பிரிவில் வைக்கிறார்கள், பின்னதைத் தாக்கம், அறிமுகம் என்ற பிரிவுகளில் வைக்கிறார்கள். சாய்வு இங்கேதான் வேலை செய்கிறது. யாரும் வெறுக்கவில்லை, யாரும் அவமதிக்கவில்லை. பாராட்டுகிறார்கள், கண் கலங்கவும் செய்கிறார்கள். ஆனால் 'உன் கதை எங்களைத் தொட்டது' என்கிறார்களே தவிர, 'உன் வேலை எங்களை மலைக்க வைத்தது' என்று சொல்வதில்லை. நம்மை நம் வாழ்க்கைக்காகப் பாராட்டுவதும் நம் கைத்திறனுக்காகப் பாராட்டாமல் விடுவதும் பழைய பழக்கம். சமையல் நன்றாக இருக்கிறது என்பார்கள், சமையல்காரர் பெயரைக் கேட்க மாட்டார்கள்.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கப்ஹெட்டின் இசை ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். வெண்பா முழு ஆட்டமே அதைவிடக் குறைவு. அளவு ஒரு அளவுகோல்தானா என்றால், நடுவர்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் ஆமாம். பெரிய விளையாட்டுக்குப் பெரிய இசை, பெரிய இசைக்குப் பெரிய விருது. ஆனால் வெண்பாவின் இசை நீளமாக இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். அடுப்பில் கடுகு வெடித்து அடங்குகிற நேரத்துக்குள் ஒரு காலகட்டத்தை ஊன்ற வேண்டும் என்பது அதன் கட்டாயம். சிறுகதையை நாவலோடு நிறுத்தி எடை போட்டால் எப்போதும் நாவல்தான் கனக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'தி கேம் அவார்ட்ஸ்' தன் இசைப் பிரிவில் பின்னணி இசை, புதிதாக இயற்றிய பாட்டு, உரிமம் வாங்கிப் போட்ட பாட்டு மூன்றையும் ஒரே கூடையில் போட்டு எடை பார்க்கிறது. 2023 பரிந்துரையில் இருந்த 'ஹை-ஃபை ரஷ்' டோக்கியோவில் செய்தது. அதில் நைன் இன்ச் நெய்ல்ஸ், தி பிளாக் கீஸ் போன்ற அமெரிக்க ராக் குழுக்களின் பாட்டுகள் இருக்கின்றன. அந்த விளையாட்டு நல்ல விளையாட்டு, தாளத்தையே ஆட்டமாக மாற்றியது. ஆனால் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது நடுவருக்குள் தன் இருபது வயசு ஞாபகமும் சேர்ந்து ஒலிக்கிறது. அதே மாதிரியான ஞாபகத்தைத்தான் வெண்பாவும் தூண்டுகிறது, வேறு ஆட்களிடம். ஒருவருடைய ஞாபகம் இசைத் தரமாகிறது, இன்னொருவருடைய ஞாபகம் ஊர் ஏக்கமாகிறது.

மொழிதான் தடை என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. விளையாட்டு இசை வாங்கிய முதல் கிராமி 2011இல். 'சிவிலைசேஷன் 4' விளையாட்டுக்காகக் கிறிஸ்டோபர் டின் இசையமைத்த 'பாபா யேத்து' பாட்டு, இசைக் கோப்புக்கான பிரிவில் வென்றது. அது முழுக்க ஸ்வாஹிலி மொழியில் பாடப்பட்டது. புரியாத மொழியில் பாடினாலும் விருது கிடைக்கும். ஆனால் அந்த மொழி பெரிய பாடகர் குழுவோடும் மேற்கத்திய வாத்தியக் கட்டமைப்போடும் வர வேண்டும். வடிவம் பழகியதாக இருந்தால் சொல் அந்நியமாக இருக்கலாம். தமிழ்த் திரைப்பாட்டில் சொல்லும் அந்நியம், வடிவமும் அந்நியம். பல்லவி, அனுபல்லவி, சரணம், இடையிசை என்று ஐந்து நிமிடத்தில் நான்கு வீடு மாறுகிற பாட்டு அது. எந்த வீட்டில் நிற்கிறோம் என்று தெரியாதவருக்கு எல்லாம் அலங்காரமாகத்தான் தெரியும்.

அப்படியானால் தமிழ் நடுவர், இந்திய நடுவர் என்று ஆட்களைப் போட்டால் தீர்ந்துவிடுமா? இந்த இடத்தில் 'ராஜி' என்ற விளையாட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். 2020இல் புனேயில் உள்ள நிறுவனம் செய்தது. துர்க்கையும் விஷ்ணுவும் வருகிற கதை. 'தி கேம் அவார்ட்ஸ்' அதையும் அறிமுகப் பிரிவில்தான் பரிந்துரைத்தது. அதற்கு இசையமைத்தவர் லினோஸ் செலோஸ் என்ற கிரேக்கர். நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆக இந்திய விளையாட்டுக்கு இந்திய இசையமைப்பாளர்தான் வேண்டும் என்ற சட்டமும் செல்லாது. இசைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்க ஆரம்பித்தால், டோக்கியோ ஸ்டூடியோவின் அமெரிக்க ராக்கையும் ஸ்வீடன்காரர் போட்ட ஜப்பானிய விளையாட்டு இசையையும் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டிவரும். எனக்கு வேண்டியது பிறப்பில் தமிழரான நடுவர் இல்லை. தமிழ்ப் பாட்டைக் காலம் பிரித்துக் கேட்கத் தெரிந்த நடுவர். அவர் பிரேசில்காரராக இருந்தாலும் சரி.

மலேசியாவில் இருக்கிற நமக்கு இந்த விவாதம் புதுசு இல்லை. நாம் இதை இரண்டு முறை நம் சொந்த மேடையிலேயே பார்த்தாயிற்று. 2013இல் அனுகெரா இண்டஸ்ட்ரி மியூசிக் விருதின் 20ஆவது விழாவுக்குப் பிரிவுகளை மொழிவாரியாகப் பிரித்தார்கள். முக்கியப் பிரிவுகள் மலாய்ப் பாட்டுக்கு, மற்ற மொழிகளுக்குத் தனி வரிசை. பாடகர் ஃபைசல் தாஹிர் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார். சர்ச்சை வலுத்ததும் ஏற்பாட்டாளர்கள் பின்வாங்கினார்கள். மலாய்ப் பாட்டுப் பாடுகிற ஒருவர்தான் அங்கே முன்னால் நின்றார் என்பதை மறக்கக்கூடாது.

2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் அதே கதை, இன்னும் கூர்மையாக. சிறந்த படம் என்ற பிரிவு மலாய் மொழிப் படங்களுக்கு. ஷான்ஜெய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' தமிழ்ப் படம், பல மொழி பேசும் 'ஓலா போலா' ஆகியவை 'மலாய் அல்லாத' பிரிவுக்குத் தள்ளப்பட்டன. ஒளிப்பதிவாளர் மோகன் சிங் எதிர்த்தார். நடிகர் அஃப்ட்லின் ஷவ்கி தான் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். விழாக் குழு இறங்கிவந்து பொதுப் பிரிவைத் திறந்தது. அந்தப் பொதுப் பிரிவில் சிறந்த மலேசியப் படமாக வென்றது ஜகாட். தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த ஒரு தலைமுறையின் கதை, நாட்டின் சிறந்த படம் என்று அந்த மேடையிலேயே சொல்லப்பட்டது.

ஒதுக்கிய வரிசையில் இருந்திருந்தால் ஜகாட்டுக்கு அங்கேயும் விருது கிடைத்திருக்கலாம். எல்லாரும் கைதட்டியிருப்பார்கள். ஆனால் மலாய்ப் படத்தோடு நிறுத்தி அதை எடை பார்க்கும் கட்டாயம் யாருக்கும் வந்திருக்காது. கதவு திறந்ததும்தான் நடுவர்கள் துணைவசனம் படித்து, தமிழ்ப் படத்தைப் படமாகப் பார்க்க வேண்டிவந்தது. பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். இதிலிருந்து வெண்பாவுக்கு ஒரு பாடம் உண்டு. 'உலக இசை', 'தாக்கம்', 'பன்மைத்துவம்' என்று தனி அறைகள் கட்டிக் கொடுப்பவர்களுக்கு நன்றி சொல்லலாம், ஆனால் கூடத்துக்குப் போகிற வழியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, மற்றவர்களைச் சொல்லியாயிற்று. நம் வீட்டு மதிப்பெண் தாள் எப்படி இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் உருமி மேளப் போட்டி ஒன்றுக்குப் போனார்கள். யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். பார்வையாளனாக நானும் போயிருந்தேன். நடுவர் தாளில் நான்கு கட்டம்: சுருதி, தாளம், சீருடை, ஒழுங்கு. உருமி என்பது தோலை வளைந்த குச்சியால் தேய்த்து முனக வைக்கிற வாத்தியம். அந்த முனகல் ஓர் இடத்தில் நிற்காது, வழுக்கி ஏறும், வழுக்கி இறங்கும். அதுதான் அதன் உயிர், சாமி வருவதே அந்த வழுக்கலில்தான். அதைச் 'சுருதி சேரவில்லை' என்று எழுதி மதிப்பெண் குறைத்தார்கள். தூய்மையான சீருடை போட்டு, ஒரே சீராக அடித்துவிட்டு நின்ற குழு ஜெயித்தது. திரும்பி வரும்போது வேனில் பையன்கள் ஒன்றும் பேசவில்லை. ஒருவன் மட்டும், "அடுத்த தடவ சட்ட நல்லதா தைக்கணும்ண்ணே" என்றான். அவன் கற்றுக்கொண்டது அதைத்தான்.

கிராமிக்காரர்கள் நமக்குச் செய்வதை நாமே நம் உருமிக்குச் செய்கிறோம். சபா மேடையின் அளவுகோலைக் கோயில் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறோம். வட்டாரச் சாய்வு என்பது அமெரிக்காவில் மட்டும் விளைகிற பயிர் இல்லை.

இதற்கு நேரெதிரான நோயும் நம்மிடம் உண்டு. இங்கே நடக்கும் கலை விருது விழாக்கள் பலவற்றில் வந்தவருக்கெல்லாம் கேடயம், நின்றவருக்கெல்லாம் பொன்னாடை. எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதித் தருவதில்லை. வெண்பா விருது வாங்கியபோது வந்த வாழ்த்துகளும் பெரும்பாலும் இந்த வகைதான். 'நம்ம ஆளு ஜெயிச்சிட்டான்' என்று புலனத்தில் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அதை ஆடினார்கள்? என் அக்கா மகன் ஆடியவன். அவனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"மாமா, எல்லாரும் வாழ்த்து அனுப்புறாங்க. பாட்டு எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர்கூட கேக்கல."

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

"முதல்ல அம்மா ரூம்ல இருந்துதான் பாட்டு வருதுன்னு நெனச்சேன். சத்தம் கம்மி பண்ணுங்கம்மான்னு கத்திட்டேன்."

நான் படித்தவரை வெண்பாவின் இசைக்குக் கிடைத்த ஆகச் சிறந்த விமர்சனம் இதுதான். ஒரு நடுவர் தன் குறிப்பில் இதை எழுதியிருந்தால் அந்த விருதுக்கே மதிப்புக் கூடியிருக்கும்.

அளவுகோல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சில விஷயங்கள் தோன்றுகின்றன. முதலாவது, பின்னணி இசையையும் பாட்டையும் உரிமப் பாட்டையும் பிரிக்க வேண்டும். மூன்றும் மூன்று தொழில். இரண்டாவது, இசையைத் தனியாக ஒலித்தட்டாகக் கேட்டு மதிப்பிடக்கூடாது, ஆடிப் பார்த்து மதிப்பிட வேண்டும். விளையாட்டு இசை ஆடுபவரின் கை அசைவுக்குக் காத்திருக்கிற இசை. நீங்கள் இட்லித் தட்டை எடுக்கத் தாமதித்தால் பாட்டும் உங்களோடு தாமதிக்கும். அதைப் பாட்டாக மட்டும் கேட்டால் பாதி காணாமல் போகும். மூன்றாவது, பழக்கமில்லாத இசை மரபு ஒன்று வந்தால் அதைத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு நடுவர்கள் முன்னால் அரை மணி நேரம் பேச வைக்கட்டும். அவருக்கு ஓட்டுகூட வேண்டாம். இது 1985, இது 1995, வித்தியாசம் இங்கே என்று காட்டினால் போதும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது அவர்கள் உரிமை, கேட்டுவிட்டு நிராகரித்தார்கள் என்ற மரியாதை மிஞ்சும்.

கடைசியாக, காரணம் எழுத வேண்டும். இலக்கியப் பரிசுகளில் நடுவர் உரை என்று ஒன்று உண்டு. நல்லதோ கெட்டதோ, அதை வைத்துச் சண்டை போடலாம். விளையாட்டு இசை விருதில் உறை பிரிப்பார்கள், பெயர் சொல்வார்கள், இசை முழங்கும், அடுத்த விளம்பரம் வந்துவிடும். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. காரணம் சொல்லாத தீர்ப்பில் சாய்வு ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. இதே விதி உருமிப் போட்டிக்கும் பொருந்தும், நம் பொன்னாடை விழாவுக்கும் பொருந்தும்.

காரணம் எழுத நடுவர்களுக்குச் சொல் வேண்டும். அந்தச் சொல்லை உருவாக்குவது விமர்சகர்களின் வேலை. ஜப்பானிய விளையாட்டு இசையைப் பற்றி அதை நேசித்தவர்கள் பல ஆண்டுகள் எழுதி எழுதித்தான் அமெரிக்க ஊடகக்காரருக்கு நோபுவோ உயெமாட்சு யார் என்று தெரிந்தது. நம் திரைப்பாட்டைப் பற்றி நம்மிடம் உள்ள எழுத்தில் பெரும்பகுதி பாட்டு வரிகளைப் பற்றியது, மீதி யார் பெரியவர் என்ற சண்டை. ஓர் இடையிசையில் வயலின் எங்கே நின்று குழல் எங்கே எடுத்துக்கொள்கிறது, ஒரு பாட்டின் ஒலியைக் கேட்டு அது எந்த வருடம் என்று எப்படிச் சொல்வது, உருமியின் வழுக்கலை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதெல்லாம் நம் காதுக்குத் தெரியும். தாளில் இல்லை. தாளில் இல்லாததை டொரோன்டோவிலோ லண்டனிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு நடுவர் எங்கே போய்ப் படிப்பார்?

வெண்பாவுக்கு இரண்டு விழாக்களில் 'அறிமுகம்' என்ற பெயரில் மரியாதை நடந்தது. அந்தச் சொல்லுக்கு, இன்னொன்று வரும் என்ற எதிர்பார்ப்பும் அர்த்தம். அடுத்த தமிழ் விளையாட்டு வரும்போது அதில் உருமி முனகலாம், கித்தா காட்டில் விடியற்காலை ரேடியோ பாடலாம். அதைப் பற்றி முதல் வாரத்திலேயே, நம்ம ஆளு என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், பத்துப் பக்கம் எழுத நம்மிடம் ஆள் இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றும் எழுத வேண்டும். அக்கா மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா ரூம் கதையை முதல் பத்தியாக வைத்துக்கொள்ளட்டும்.